பெண்களைப் பற்றி ஒரு பாடமா?

பல்கலைக்கழகம் செல்லும் உங்கள் மகள், "பிரதான பாடத்தோடு பெண்கள் கற்கையைத் துணைப்பாடமாக எடுக்கப்போகிறேன்" என்றால் என்ன சொல்வீர்கள்? "உதைப் படிச்சு என்ன உத்தியோகம் பார்க்கப்போறாய், பிள்ளை?" என்றுதானே கேட்போம்!

1970இல் அமெரிக்காவின் சான் டியாகோ அரசுக் கல்லூரியில் ஒரு கற்கைநெறியாகத் தொடங்கி, பின்னர் பல நாடுகளுக்கும் பரவிய இப்பாடம் எழுப்புவன எளிய கேள்விகளே: குடும்பத்தில் உழைப்பவர் யார்? உரிமை யாருக்கு? தீர்மானிப்பவர் யார்?

நம் வீட்டையே பார்ப்போம். மகளுக்குக் காணியும் வீடும் சீதனமாக எழுதுகிறோம். உறுதியில் அவள் பெயர்தான் இருக்கிறது. ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்பதற்கும் பொதுவாகக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. தன் முதுசக் காணியை விற்கும் கணவனுக்கோ அக்கட்டுப்பாட்டை அது விதிக்கவில்லை. ஏன் இந்த வேறுபாடு என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

"அன்பு இருந்தால் போதாதா?" என்பீர்கள். அன்பு நம்முடையதைக் கொடுக்கும். நீதி அவளுடையதை அவளிடமே விடும். அவளுடையது எதுவென்று அறியாதவன் எவ்வாறு நீதி செய்வான்?

ஆகவே இக்கல்வி மகளுக்கு மட்டும் உரியதன்று. நாளை கணவனாகவும் தந்தையாகவும் நிற்கப்போகும் மகனுக்கும் அது வேண்டும். மகள் கேட்டால் மறிக்காதீர்கள். மகன் கேட்டால் சிரிக்காதீர்கள்.