கந்தையும் பற்றும்

இறந்தாருடைய எழுத்தையும் சித்திரத்தையும் நினைவின்பொருட்டுப் பேணுதல் அன்போ, பற்றோ என்னும் வினா சென்ற திங்கள் எம் மனையின்கண் எழுந்தது. என் மனைவியார் சிவபதம் எய்தி மூன்றாண்டுகள் கழிந்தன. அவர் கைப்பட வரைந்த கோலச்சுவடி ஒன்றும், யான் வெளியூரிற் பாடஞ்சொல்லிவந்த காலத்து எனக்கு விடுத்த நாற்பது கடிதங்களும் ஒரு தகரப்பெட்டியில் உள்ளன. அவற்றையும் அவர்தம் பழஞ்சேலைகளையும் கொண்டு பேர்த்திக்கு ஒரு போர்வை தைத்துத் தருதல் வேண்டுமென மகள் கேட்டாள். ‘அஃது உலகப்பற்றினை நூலாற் பிணித்துவைப்பதாம்’ என்று மறுத்தேன். அவள், ‘பெட்டிக்குள் இருப்பது யாருக்குப் பயன், அப்பா?’ என்றாள். உடனே விடைகூற மாட்டாதேனாய்ப் பன்னாள் சிந்தித்துத் தெளிந்தவற்றை அறிஞர்முன் வைக்கின்றேன்.

முதற்கண் இத்தகைய போர்வையின் வரலாறு சிறிது கூறுவாம். கந்தை என நாம் வழங்குஞ் சொல் வடமொழிக் ‘கந்தா’ என்பதனோடு தொடர்புடையது. வங்கநாட்டு மகளிர் நைந்த சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையினின்று உருவிய நூலாலே உருவங்களும் எழுத்துக்களும் தைத்து அமைப்பதும் ‘காந்தா’ எனவே பெயர்பெறும். குருசதய தத்தர் (1882–1941) திரட்டிய தொகுதியில், மானதாசுந்தரி என்பார் தம் தந்தையார்க்கெனத் தைத்த காந்தா ஒன்று புகழ்பெற்றது. துறவியர் போர்த்த ஒட்டுத்துணிக்கும் கந்தா என்பதே பெயராதல் உன்னற்பாலது.

ஆங்கிலநாட்டாரோ, காகிதத்தைப் பல வடிவாக வெட்டி, அதன்மேல் துணியை மடித்துத் தைத்துப் பின்னர் ஒன்றோடொன்று இணைப்பர். அங்ஙனம் வெட்டப்பட்டவை பலகாலும் பழங்கடிதங்களும் கணக்கேடுகளுமாம். 1718 என ஆண்டு பொறித்த பட்டுப்போர்வை ஒன்று, உள்ளிட்ட காகிதங்களோடு இன்றும் அந்நாட்டில் உள்ளது. அமெரிக்க நாட்டு அலபாமாவிலே, ஜீஸ் பெண்ட் என்னுஞ் சிற்றூரில், மிசௌரி பெட்வே என்னும் மாதரார் இறந்துபட்ட தம் கணவருடைய பணியாடைகளையே 1942-இல் வெட்டிப் போர்வையாக்கினர். அதனைப் பெட்டியிற் பூட்டிவைத்தற்கன்று, போர்த்துக்கொள்ளுதற்கே தைத்தனர்.

அற்றேல், ‘இவையெல்லாம் பாசமன்றோ?’ என வினவின், கூறுதும். உலகவழக்கில் அன்பினையும், நூல்வழக்கில் ஆணவம் முதலாய தளைகளையும் பாசம் என்கின்றோம். சொல் ஒன்றாதல் பற்றிப் பொருளும் ஒன்றெனல் ஆகாது. உடம்பும் கருவிகளும் உலகும் உயிர்க்கு உதவுதற்பொருட்டே இறைவனால் தரப்பட்டன என்பது நம் சித்தாந்தம். ஆகலின் பொருள்தானே குற்றமன்று. ‘எனது’ என்னும் முனைப்பே குற்றமாம். ஒரு பொருள் நம்மைப் பிறர்பாற் செலுத்துமாயின் அது அன்பிற்குக் கருவி. பிறரை விலக்கி நம்மளவில் நிறுத்துமாயின் அதுவே தளை.

இவ்வளவைகொண்டு என்னையே நோக்கினேன். பெட்டியின் திறவுகோல் மூன்றாண்டாக என் இடுப்பிலேயே இருந்தது. யானும் திறந்திலேன், பிறரையும் திறக்க விட்டிலேன். இதனைப் பற்றின்மை என மயங்கினேன். அன்றிரவு திறந்து படித்தபோதுதான் உண்மைக் காரணம் புலனாயிற்று. குழந்தைக்குக் கடுங்காய்ச்சல், உடனே வருக என்று அவர் எழுதிய கடிதம் ஒன்று அவற்றுள் இருந்தது. பாடம் முடியவில்லையென்று யான் போகாதிருந்தேன். அக்குழந்தையே இன்று போர்வை கேட்கும் மகள். அவள் அதனைப் படித்துவிடலாகாது என்பதே என் மறுப்பின் வேர். சாத்திரம் அதற்குப் போர்த்த போர்வை.

மறுநாட் காலை திறவுகோலையும் அக்கடிதத்தையும் அவள் கையிற் கொடுத்தேன். படித்துச் சிறிதுநேரம் வாளாவிருந்து, ‘இது நமக்குள் இருக்கட்டும், அப்பா’ என்றாள்.

இனி, ஒருவர்க்கென எழுதியதைப் பலர் காண வைக்கலாமோ எனின், இறந்தாரை உசாவ இயலாதாகலின், அவர் இருந்தபோது பிறர்முன் சொல்லியிருக்கத்தக்கவற்றையே எடுத்தல் முறை. ஆகவே நெல்லும் மழையும் பற்றிய வரிகளும் கோலங்களுமே தெரிந்துகொள்ளப்பட்டன. கடிதங்களை வெட்டவும் இல்லை. அவ்வெழுத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் படியெடுத்து, அச்சுவடே துணியில் நூலாற் செல்கின்றது.

போர்வை தைத்து முடிந்திலது. முடிந்தபின் பேர்த்தி அதனைப் போர்ப்பாள். துவைக்கத் துவைக்கச் சாயம் போகும். ஒருநாள் அதுவும் கந்தையாகும். அவ்வாறு தேய்தல் குறையன்று. பூட்டிய பெட்டியினும் அதுவே தக்கதென இப்பொழுது துணிகின்றேன்.