வீட்டில் இருப்பவர்கள்

இங்கிலாந்துக்குக் குடிபோகிறவர்கள் அங்கே ஜாகை தேடும்போது முதலில் கேட்பது, "அது நல்ல இடந்தானா?" என்பதுதான். சாதாரணக் கேள்வி. ஆனால் அதிலுள்ள 'நல்ல' என்ற சொல்லைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தால் உள்ளே என்னென்னவோ இருக்கிறது. வாடகை கட்டுப்படியாகுமா, ரயில் நிலையம் பக்கமா, பள்ளிக்கூடம் எப்படி என்பவை மேல்தோல். (அந்த நாட்டில் பல பள்ளிகளில் வீடு எத்தனை தூரம் என்று அளந்து பார்த்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். ஆகவே நல்ல பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் வாடகையும் நன்றாகப் படித்து முன்னுக்கு வந்திருக்கும்.) இவையெல்லாம் கேட்டு முடிந்த பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொரு கேள்வி வரும்: "அங்கே நம்மவர்கள் அதிகமா?"

இதைக் கேட்பவர்கள் இரண்டு வகை. ஒருவர் 'ஆம்' என்ற பதிலுக்காக ஏங்குகிறார். மற்றவர் 'இல்லை' என்று சொன்னால் நிம்மதி அடைகிறார். முதல்வரைக் கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமுக்கோ, தெற்கே டூட்டிங்குக்கோ அனுப்பிவிடலாம். அங்கே கோயில் உண்டு, முருங்கைக்காய் உண்டு, கடைக்காரரோடு தமிழிலேயே பேரம் பேசலாம். இரண்டாமவர் வேலியும் புல்தரையும் உள்ள ஏதாவதொரு புறநகரைத் தேடிப் போவார். இவர்களில் யார் செய்வது சரி? எல்லா ஊரையும் தன் ஊர் என்று பாடிவைத்த பழம்புலவரைக் கேட்கலாம் என்றால், அவர் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவராகத் தெரியவில்லை.

இரண்டாமவர் கட்சிக்குப் பெரிய சாட்சி ஒருவர் உண்டு. 1888-ல், பத்தொன்பது வயது நிரம்பும் தறுவாயில், காந்தி லண்டன் போய்ச் சேர்ந்தார். விக்டோரியா ஹோட்டலில் இறங்கிய அவரைப் பார்க்க வந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா, ஒரு குடும்பத்தோடு தங்கும்படி யோசனை சொன்னார். நாம் இங்கே வருவது படிப்பைக் காட்டிலும் இவர்களுடைய வாழ்க்கையையும் பழக்கங்களையும் தெரிந்துகொள்வதற்காகத்தான் என்பது அவர் கட்சி. காந்தியும் அப்படியே செய்தார். பலன் என்ன? பட்டினி. வேகவைத்த காய்கறி வாயில் வைக்க முடியவில்லை. இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்குமேல் கேட்க வெட்கம். தெருத்தெருவாக நடந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவு விடுதியைக் கண்டுபிடித்த பிறகுதான் வயிறு நிறைந்தது.

அதற்குப்பின் நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். வயிறு நிறைந்த காந்தி, லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சேர்ந்தார். தாம் குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு சைவ உணவு மன்றமே தொடங்கி, எட்வின் ஆர்னால்டைத் துணைத்தலைவராக வைத்தார். தாயாருக்குக் கொடுத்துவிட்டு வந்த சத்தியமே அவரை ஆங்கிலேயர்களிடம் அழைத்துக்கொண்டு போயிற்று. 'நம்மவர்களோடேயே ஒட்டிக்கொண்டு இருந்தால் அந்த நாட்டு மனிதராவது எப்போது?' என்று கேட்கிற பெரியவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கலாம்.

இன்னொன்று. பட்டினி கிடந்தது காந்தியின் வயிறுதான். கஸ்தூர்பாவும் கைக்குழந்தையும் ஊரில் இருந்தார்கள். தன் மேலேயே சோதனை செய்துகொள்ள ஒருவனுக்கு உரிமை இருக்கிறது.

இராமானுஜனும் 1914-ல் தனியாகத்தான் கேம்பிரிட்ஜ் போனார். முதலில் சில வாரம் நெவில் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு டிரினிடி கல்லூரி விடுதிக்கே குடிபோனார். கணிதத்துக்கு அதைவிடச் சிறந்த இடம் உலகத்தில் இல்லை. கூப்பிடு தூரத்தில் ஹார்டி. ஆனால் குளிரில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. இதை அறிந்து மஹலனோபிஸ் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் ஒழுங்காக விரித்து, ஓரங்கள் மெத்தைக்கடியில் செருகப்பட்டிருந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலங்கியைப் போட்டுக்கொண்டு கம்பளிகளின் மேலேயே படுத்திருந்தார்! மஹலனோபிஸ் எப்படிப் படுப்பது என்று காட்டிக் கொடுத்தார்.

எத்தனையோ தடவை இந்தச் செய்தியை நினைத்திருக்கிறேன். ஊர் உலகமெல்லாம் மதித்த மூளை. அதற்குக் கம்பளிக்குள் நுழையச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நம்மைப் பார்த்துச் சிரிக்காதவராக, நம் ஊர்க் கட்டிலில் எப்படிப் படுப்போம் என்று தெரிந்தவராக இருக்க வேண்டும். அக்கம்பக்கம் என்பது இதற்குத்தான்.

1972-ல் இடி அமீன் தொண்ணூறு நாள் கெடு வைத்து உகாண்டாவிலிருந்து ஆசியர்களைத் துரத்தினான். ஏறத்தாழ இருபத்தேழாயிரம் பேர் பிரிட்டனுக்கு வந்தார்கள். அரசாங்கம் ஊர்களைச் சிவப்பு என்றும் பச்சை என்றும் பிரித்தது. சிவப்பு ஊர்களில் ஏற்கனவே கூட்டம், போகாதீர்கள். பச்சை ஊர்களுக்குப் பரவிப் போங்கள். லெஸ்டர் நகரசபையோ இன்னும் ஒருபடி மேலே போய், அந்த ஆண்டு செப்டம்பரில் உகாண்டாப் பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்தது: உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறோம், எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று! வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் லெஸ்டருக்கே போனார்கள். அங்கே சித்தப்பா இருந்தார், மைத்துனன் இருந்தான், ஆலைகளில் வேலை இருந்தது. இன்று அந்த ஊர் பெல்கிரேவ் சாலைத் தீபாவளியைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. நகரசபையே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

ஆகையால், 'நம்மவர்கள் இல்லாத இடமாகப் பாருங்கள்' என்று நம்மவரே சொல்லும்போது எனக்குக் கூசுகிறது. ஒரு காலத்தில் அந்நாட்டு வீட்டு ஜன்னல்களில், நிறமுள்ளவர்களுக்கு இடமில்லை என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வாடகை வீட்டில் அப்படி நிறம் பார்ப்பதைத் தடுத்த சட்டம் 1968-ல்தான் வந்தது. சட்டம் கழற்றிப் போட்ட அட்டையை நாம் பொறுக்கி எடுத்து மனசுக்குள் மாட்டிக்கொள்வானேன்?

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லோரும் ஈஸ்ட் ஹாமுக்குப் போங்கள் என்று நான் முடித்துவிட்டால் கதை சுலபமாகிவிடும். அப்படி முடிக்க முடியவில்லை. நம்மவர் தெருவில் கறிவேப்பிலையோடு விசாரணையும் சேர்ந்தே கிடைக்கும். எந்த ஊர், யார் வீட்டுப் பெண், ஏன் இன்னும் குழந்தை இல்லை, நேற்று உன்னைக் காரில் கொண்டுவந்து விட்டவர் யார்? ஜாதியும் கப்பலேறி வந்திருக்கிறது. அதற்கு விசா வேண்டியிருக்கவில்லை. கணவனைப் பிரிந்து வாழும் ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "ஒரு தமிழ் முகம்கூட இல்லாத ஊருக்கு வந்த பிறகுதான் மூச்சு விடுகிறேன், ஐயா." அவளிடம் போய் லெஸ்டர்க் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருத்திக்குத் தாய்வீடாக இருக்கும் தெரு, இன்னொருத்திக்கு மாமியார் வீடாக இருக்கிறது.

அப்படியானால் சரியான இடம் எது என்ற கேள்விக்கு முன்னால், யார் சொல்வது சரி என்ற கேள்வி நிற்கிறது. நம் வீடுகளில் இதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் உத்தியோகத்துக்குப் போகும் ஆண்பிள்ளை. காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு மாலை ஏழு மணிக்குத் திரும்புகிறவர். டிசம்பரில் லண்டனில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஸ்காட்லாந்தில் அபர்டீனில் ஏழு மணிகூட இல்லை. அந்த மாதங்களில் அவர் தாம் தேர்ந்தெடுத்த தெருவை வெளிச்சத்தில் பார்ப்பதுகூடச் சனி ஞாயிறுகளில்தான்! அவருடைய அக்கம்பக்கம் அலுவலகத்தில் இருக்கிறது. அந்தத் தெருவில் உண்மையில் வாழ்கிறவர்கள் வேறு. கைக்குழந்தையோடு மனைவி. அல்லது, ஆறு மாதம் தங்கிப்போக வந்திருக்கும் அம்மா. ஆங்கிலம் தெரியாது, கார் ஓட்டத் தெரியாது, சொன்னால் பிள்ளை வருத்தப்படுவான் என்று ஒன்றும் சொல்லவும் மாட்டாள்.

அத்தகைய புறநகர் ஒன்றில் சில நாள் விருந்தாளியாக இருந்திருக்கிறேன். பகல் பதினொரு மணிக்கு ஜன்னலைத் திறந்தால், நிறுத்திவைத்த கார்கள், இழுத்து மூடிய திரைகள். ஒரு குரல் இல்லை. நம் தெருவில் அப்படி ஓர் அமைதி ஊரடங்கு போட்டால்தான் வரும். அங்கே அதற்குக் கூடுதல் வாடகை கொடுக்கிறார்கள். அந்த வீட்டு அம்மாள் தபால்காரர் வரும் நேரத்துக்குப் புடவையைச் சரிசெய்துகொண்டு கதவோரம் வந்து நிற்பார். தபால் எதுவும் அவருக்கு வருவதில்லை.

கணவனும் மனைவியும் சேர்ந்து வேலைக்குப் போகிற வீடுகள் இப்போது ஏராளம் என்பது தெரியும். அங்கும் பிரசவத்துக்குப் பிந்திய மாதங்கள் உண்டு. பார்க்காத ஊரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும், கேட்டு என்ன ஆகப்போகிறது என்கிறார்கள். அவருக்கு மட்டும் என்ன தெரியும்? கூட வேலை செய்பவர் சொன்னதுதானே? முதல் ஜாகையைத் தாற்காலிகமாக வைத்துக்கொள்ளட்டும். அவள் வந்து இரண்டு மூன்று தெருக்களில் நடந்து பார்க்கட்டும். வீடு பார்க்கப் போவதைச் சனிக்கிழமையில் வைத்துக்கொள்ளாமல், ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வேலைநாளில் பதினொரு மணிக்குப் போகட்டும். சமையலறை ஜன்னலிலிருந்து மனிதர் நடமாட்டம் தெரிகிறதா என்று அவளே பார்க்கட்டும். அம்மாவும் வந்திருந்தால், வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரைக்கும், அவளுடைய நடையில், கூடவே நடந்து போய்க் கடிகாரத்தைப் பார்க்கட்டும். விளம்பரத்தில் ஐந்து நிமிஷம் என்று போட்டிருப்பார்கள்.