ஆடும் பல்லும் ஆகுமான சிகிச்சையும்



உத்தமபாளையத்தில் ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில், ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் ஒரு சகோதரர் நம்மை ஓரமாக அழைத்தார். "ஹஜ்ரத், கீழ்ப்பல் ரெண்டு ஆடுது. ஈறு நோயில எலும்பு கரைஞ்சு போச்சாம். எலும்புத் தூள் போட்டு, மேலே சவ்வு வச்சுத் தைக்கணும்கிறார் டாக்டர். அது எதோட எலும்போ? வச்சுக்கிட்டா தொழுகை கூடுமா?" என்று கேட்டார். இந்த அச்சத்திலேயே ஆறு மாதத்தைக் கடத்தியிருக்கிறார். நோய் முற்றியதுதான் மிச்சம்.

முதலில் சிகிச்சையை அறிவோம். எலும்பு கரைந்த பள்ளத்தில் தூளை நிரப்புகிறார்கள். ஈறின் தோல் வேகமாக வளரும். எலும்பும், பல்லைப் பிணைக்கும் நாரும் மெதுவாகவே வளரும். தோல் முந்திக்கொண்டு பள்ளத்தை அடைத்துவிடாமல் காக்கும் வேலியே சவ்வு. 1982-ல் சுவீடனின் நைமன் குழுவினர் இதை மனிதரிடம் செய்து காட்டினர்.

அந்தத் தூள் நோயாளியின் சொந்த எலும்பாக இருக்கலாம்; மாட்டெலும்பாகவோ, இறந்த மனிதரின் எலும்பாகவோ, செயற்கைக் கால்சியம் பாஸ்பேட்டாகவோ இருக்கலாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988-ல் தொடங்கப்பட்டது. சவ்வுகளில் சில மாட்டிலிருந்தும், சில பன்றியிலிருந்தும் செய்யப்படுகின்றன.

மார்க்கம் என்ன சொல்கிறது? போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளி மூக்கு வைத்தார்கள், அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் வைத்துக்கொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குத் தடையான தங்கமே தேவைக்காக ஆகுமானது!

ஆடு, மாடு, ஒட்டகத்தின் எலும்பால் சிகிச்சை செய்வதில் குற்றமில்லை. பன்றி, மனித எலும்புகள் வெறுக்கத்தக்கவை என்பது இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. ஃபதாவா ஆலம்கீரியில் இது பதிவாகியுள்ளது. சுத்தமான எலும்பு கிடைக்காத நிலையில் அசுத்தமானதால் ஒட்டவைத்தவர் மன்னிக்கப்பட்டவர் என்று ஷாஃபியீ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) எழுதினார்கள். தன் உடலின் ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் வைப்பதை, தீமையைவிட நன்மை மிகுந்தால், 1988-ல் ஜித்தா ஃபிக்ஹ் பேரவையும் அனுமதித்தது.

ஆகவே அந்தச் சகோதரரிடம் நாம் சொன்னது இதுதான்: "கத்தி வைக்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். சொந்த எலும்போ, செயற்கைத் தூளோ, மாட்டிலிருந்து செய்ததோ போதுமென்றால் அதையே கேட்டு வாங்குங்கள். வேறு வழியே இல்லை என்றால் ஆலிமிடம் வாருங்கள், பயந்து ஒதுங்காதீர்கள்."

இன்னொன்றும் சொன்னோம். சின்னமனூர் வெற்றிலை பெயர் பெற்றதுதான். அதோடு புகையிலையை அடக்கினால் ஈறு தாங்குமா? சமுதாயத்திற்குச் சிரமம் ஆகாதென்றால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கைக் கட்டளையாக்கியிருப்பார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அந்த ஸுன்னத்தைப் பேணியிருந்தால் இந்தக் கேள்வி நம்மில் எத்தனை பேருக்கு வந்திருக்கும்?

வாயைச் சுத்தமாகவும், உள்ளத்தை ஐயமின்றியும் வைத்திருக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.