பிரிக்கப்படாத பெட்டி

பொம்மை சேகரிப்போரிடையே நெடுநாளாய் ஒரு வழக்கு உண்டு: பெட்டியைப் பிரிப்பதா, முத்திரையோடு காப்பதா? சிறுபிள்ளைத்தனமான வினா என்று நகைத்து ஒதுக்கிவிடலாகாது. ஒரு பொருளின் பயன் எது என்னும் பெருவினா அதனுள் அடங்கியிருக்கிறது.

1964-இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 'ஜி.ஐ. ஜோ' என்னும் போர்வீரர் பொம்மையை வெளியிட்டது. 1982-இல் அது கைக்கடக்கமான உருப்பெற்றது. பின்னர், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் நம் நாட்டிலும் அதனைத் தயாரித்தது. அச்சிற்றுருவின் கால்களை உடலோடு பிணைப்பது உள்ளிருக்கும் ஒரு ரப்பர் வளையமே. ஆண்டுகள் பல கழிந்தால், பெட்டிக்குள் இருந்தாலும் அவ்வளையம் இற்றுவிடுவதுண்டு. ஆக, முத்திரை காப்பது அட்டையையும் விலையையுமே, பொம்மையை அன்று.

அங்ஙனமாயின் அருங்காட்சியகம் மட்டும் பூட்டி வைக்கலாமோ என்று கேட்பீர்கள். செண்பகனூரில் கண்ணாடிக்குள் நிற்கும் பறவைகளும் விலங்குகளும் காண்போர் அனைவருக்கும் அறிவூட்டுகின்றன. அங்கே காவல் பிறர்க்காக. அண்மையில் அட்டுவம்பட்டியிலுள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழக நூலகத்திலோ, மாணவியர் புரட்டப் புரட்டத் தேய்வதே நூலுக்குப் பெருமை.

எனவே அளவுகோல் ஒன்றே: காப்பது யாருக்காக? வருந்தலைமுறை காண ஒன்றைப் பிரிக்காது வைப்பது அமானிதம் பேணுவதாகும். விலை ஏறட்டும் என்று அடுக்கி வைப்பதோ, குழந்தையின் கைக்குரியதைச் சந்தைக்கு ஈடு வைப்பதாகும். அத்தகைய பெட்டியைப் பிரித்து ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். இற்ற வளையத்தை மாற்றிக்கொள்ளலாம். கழிந்த பிள்ளைப்பருவம் மீளாது.