பயணம் யாருடையது?

பிறர் பட்ட துன்பத்தைப் பிள்ளைகளின் கையில் விளையாட்டாகக் கொடுப்பது தகுமா? ஏட்டில் படித்தவற்றைவிட ஆடிப் பார்த்தவையே இளம் நெஞ்சில் ஆழப் பதிகின்றன. ஆகவே, நம் வீட்டுப் பிள்ளைகள் எதை ஆடுகின்றனர் என்பதோடு, யாராக நின்று ஆடுகின்றனர் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் பேசப்படுகின்ற ஒரு கணிப்பொறி விளையாட்டைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1971ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில், டான் ராவிச் என்ற பயிற்சி ஆசிரியர் வரலாற்றுப் பாடத்துக்கென ஒரு விளையாட்டை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் என்னும் நண்பர் இருவர் அதனை ஆக்குவதில் துணை நின்றனர். பெயர் 'ஒரிகன் டிரெயில்'. அன்று அதற்குத் திரை கிடையாது. தட்டச்சுப் பொறியை ஒத்த ஒரு கருவி, நிகழ்வதையெல்லாம் காகிதச் சுருளில் அச்சிட்டுக் காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மிசௌரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் நகரிலிருந்து மேற்கே ஒரிகன் வரை, ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் தூரத்தை மாட்டு வண்டியில் கடந்த குடும்பங்களின் கதையே அது. மாணவனே வண்டித் தலைவன். எருதும் உணவும் உடையும் துப்பாக்கி ரவையும் அளவறிந்து வாங்குவது அவன் பொறுப்பு. கணக்குப் பிழைத்தால் உடன் வந்தோர் பசியாலும் காலராவாலும் மாள்வர். பின்னாளில் மின்னசோட்டா மாநிலத்தின் கல்விக் கணிப்பொறி அமைப்பு இதனைப் பள்ளிகள் தோறும் பரப்பியது. படங்களோடு 1985இல் வெளிவந்த பதிப்பே பெரும்புகழ் பெற்றது.

நம் நாட்டுப் பரமபதத்தை இதனோடு ஒப்பிடலாம். அங்கே ஆள்வது தாயக்கட்டை. ஏணியில் ஏறுவதும் பாம்பின் வாயில் விழுவதும் ஆடுவோன் கையில் இல்லை. ஒரிகன் விளையாட்டிலோ விதியும் உண்டு, தேர்வும் உண்டு. ஆற்றில் வண்டியை இறக்குவதா, காத்திருப்பதா என்று அவனே முடிவு செய்ய வேண்டும். விளைவையும் அவனே ஏற்க வேண்டும். 1985ஆம் ஆண்டுப் பதிப்பில் வங்கியாளராகப் புறப்படுவோனுக்கு 1,600 டாலர்; தச்சனுக்கு 800; உழவனுக்கு 400. ஆனால் உழவனாகச் சென்று கரை சேர்ந்தால் மதிப்பெண் மும்மடங்கு! கைப்பொருள் குறைந்தவன் கடந்த தூரமே பெரிது என்னும் நீதி அதில் அடங்கியிருக்கிறது. வேட்டையில் எத்தனை காட்டெருமைகளை வீழ்த்தினாலும் வண்டிக்குச் சுமந்து வரக்கூடியது 100 பவுண்டு இறைச்சியே. பேராசையைப் பற்றி ஆசிரியர் தனியே ஒரு சொற்பொழிவு நிகழ்த்தத் தேவையில்லை.

வயிற்றுக்கடுப்பால் இறந்துபோனதாக அவ்விளையாட்டில் வரும் அறிவிப்பை ஒரு தலைமுறையே நகைச்சுவையாக்கிக்கொண்டது உண்மைதான். எனினும், உடன் பிறந்தவன் பெயரை வண்டியில் எழுதிவிட்டு, அதே பெயரை இறந்தோர் வரிசையில் காணும் சிறுவனுக்கு ஒரு நொடியேனும் மனம் துணுக்குறாமல் இராது. அந்த நொடி போதும், பாடம் தொடங்கிவிட்டது. எனவே, துன்பத்தை விளையாட்டாக்குவது தன்னளவில் குற்றமன்று என்பதே நம் கருத்து.

குற்றம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அவ்வண்டிகள் சென்ற நிலம் ஆளற்ற நிலமன்று. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த மக்கள் இருந்தனர். 1847இல் பரவிய தட்டம்மை கேயூஸ் என்னும் பழங்குடியினரில் மிகப் பலரைக் கொன்றது. 1850இல் இயற்றப்பட்ட சட்டமோ, ஒரிகனில் குடியேறிய வெள்ளை ஆடவர் ஒருவருக்கு 320 ஏக்கரும், மணமானவராயின் மனைவியின் பெயரில் மேலும் 320 ஏக்கரும் வழங்கியது. வழங்கப்பட்டது யாருடைய நிலம்? விளையாட்டு அதைக் கேட்கவில்லை. பழங்குடியினர் அதில் வழிகாட்டியாக வருவர், பண்டம் மாற்ற வருவர். அவர்களுள் ஒருவராக நின்று ஆட இடமில்லை. 2021இல் வந்த புதிய பதிப்புக்கே பழங்குடி வரலாற்றறிஞர்களின் ஆலோசனை கேட்கப்பட்டது. அவர்கள் தரப்பு மாந்தரும் ஆடுவோராக இடம்பெற்றனர். ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஞானம் இது.

இது கடல் கடந்த ஊரின் கதைதானே என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. வள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரையுள்ள நம் வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும், ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் நீளமுள்ள நெடுஞ்சாலை இவ்வழியே செல்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் இங்குள்ள ஆலைகளில் உழைக்கின்றனர். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, வண்டியும் இன்றி, கூலியும் இன்றி, அவர்களில் பலர் இதே சாலையில் வடக்கு நோக்கி நடக்கத் தலைப்பட்டனர். அவர்களுக்கு அது விளையாட்டன்று. ஆனால் உணவை அளந்து உண்பதும், நோயை அஞ்சுவதும், இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவதும் அதே கணக்குத்தான்.

வந்தோரின் துயரம் ஒருபுறமிருக்க, இருந்தோரின் துயரமும் உண்டு. வள்ளூரில் 1,500 மெகாவாட் ஆற்றலுள்ள அனல் மின் நிலையம் எழுந்தது. நாடு ஒளி பெற்றது, நன்றே. ஆயினும் அனல் மின் நிலையங்களின் சாம்பலால் எண்ணூர்க் கழிமுகம் கெட்டு, மீன் வளம் குன்றியதென்று மீனவர்கள் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். இன்னும் பின்னோக்கிச் சென்றால், பழவேற்காட்டில் 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். அவர்களின் கணக்கேடுகளுக்கு அது வாணிபத்தின் வெற்றி. அந்தத் துறையிலிருந்து அடிமைகளாய்ப் படாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்கு அது என்ன? அவர்களும் பயணிகளே, ஆனால் எந்த வண்டிக்கும் தலைவர்கள் அல்லர்.

முன்னோடி என்ற சொல்லை நாம் எளிதாக வழங்கிவிடுகிறோம். முன்னே சென்றவன் எல்லாம் முன்னோடி அல்லன். எங்கே சென்றான், யார் வாசலில் நின்றான், அவ்வாசலுக்கு உரியோரிடம் எப்படி நடந்துகொண்டான் என்பதைக் கொண்டே அப்பெயர் அமைதல் வேண்டும். இஸ்லாமிய ஆண்டுக் கணக்கே ஒரு பயணத்திலிருந்துதான் தொடங்குகிறது. அந்த ஹிஜ்ரத்தை நினைவுகூரும்போது, மக்காவிலிருந்து சென்ற முஹாஜிர்களை மட்டும் நாம் சொல்வதில்லை. மதீனாவில் அவர்களை ஏற்றுத் தம் உடைமையில் பங்களித்த அன்சாரிகளையும் சேர்த்தே சொல்கிறோம். வந்தவருக்கும் ஒரு பெயர், வரவேற்றவருக்கும் ஒரு பெயர். இரு பெயரும் நிலைத்திருப்பதால்தான் அப்பயணம் ஒரு வாழ்நெறியாகியது.

நம் பிள்ளைகளிடமிருந்து விளையாட்டைப் பறிக்க வேண்டியதில்லை. ஆடி முடித்ததும் அருகில் அமர்ந்து, மூன்று கேள்விகளை மட்டும் கேட்போம்: நீ யாராக இருந்தாய்? நீ போன இடத்தில் முன்பே யார் இருந்தார்கள்? அவர்களாக நீ இருந்தால் இந்த ஆட்டம் எப்படி முடிந்திருக்கும்? இக்கேள்விகளுக்கு விடை தேடப் பழகிய பிள்ளை, நாளை கும்மிடிப்பூண்டிச் சாலையில் மூட்டையோடு இறங்கும் பீகார் இளைஞனையும், கழிமுகத்தில் வெறும் வலையை உதறும் மீனவரையும், மதிப்பெண்ணாகப் பாராமல் மனிதராகப் பார்க்கும்.