அவநம்பிக்கைக்கு மதிப்பெண்

ஒருவர் மனத்தில் எவ்வளவு பகை இருக்கிறது என்பதை 50 வாக்கியங்களுக்குச் ‘சரி’, ‘தவறு’ என்று குறிக்கச் சொல்லி அளந்துவிடலாம் என்றது 1954-இல் அமெரிக்காவில் குக், மெட்லி இருவரும் வகுத்த அளவுகோல். மாணவர்களோடு ஒத்துப்போகும் ஆசிரியரையும் ஒத்துப்போகாதவரையும் பிரித்தறியத்தான் அது முதலில் பிறந்தது. வட கரோலினாவில் மருத்துவம் படித்த 255 பேரை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1983-இல் வெளியானது. மாணவப் பருவத்தில் அதிக மதிப்பெண் பெற்றவர்களிடம் இதயநோயும் மரணமும் மிகுந்திருந்ததாக அது காட்டிய பிறகே மருத்துவ உலகம் இந்த அளவுகோலைக் கையில் எடுத்தது. ஆனால் 478 மருத்துவர்களைப் பற்றிய 1986-ஆம் ஆண்டு ஆய்வில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டு வந்தபோது அவர்கள் எழுதிய விடைகள் அவை. தேர்வு செய்பவர் எதிரில் இருக்கையில் உள்ளதை உள்ளபடி யார் எழுதுவார்?

என் தயக்கம் அதனினும் ஆழமானது. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தால்தான் மனிதர்கள் நேர்மையாக இருக்கிறார்களா, முன்னேறுவதற்காகப் பொய் சொல்வார்களா என்ற வகைக் கேள்விகளே இதில் அதிகம். இவை கோபத்தைக் கேட்கவில்லை. உலகத்தைப் பற்றிய ஒரு முடிவைக் கேட்கின்றன. முடிவு என்றால் அது சரியாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் ஏழைகளும் வெள்ளையரல்லாதவர்களும் இதில் கூடுதல் மதிப்பெண் பெறுவதை 1991-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. அலபாமாவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் கண்ட கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தருவதாகச் சொல்லிக்கொண்டே, பென்சிலின் கைக்கு வந்த பிறகும் அதைக் கொடுக்காமல் நோயின் போக்கை வேடிக்கை பார்த்தது அரசின் சுகாதாரத் துறை. அந்த ஊர்க்காரர் ஒருவர் ‘சரி’ என்று குறித்தால் அது மனக்கோளாறா, பட்டறிவா?

நியாயமான அவநம்பிக்கையும் இதயத்தைக் கெடுக்குமே, காரணத்தை ஆராய்ந்து என்ன பயன் என்று மருத்துவர் கேட்கலாம். கெடுக்கக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் காரணம் மாறினால் மருந்தும் மாறும். எரிச்சல் குணத்துக்குப் பயிற்சி தரலாம். ஏமாற்றப்பட்டவரிடம் அதே பயிற்சியைத் திணித்தால், அவர் அறிந்த உண்மையை மறக்கச் சொல்கிறோம். வள்ளுவர் வெகுளாமையை அறத்துப்பாலில் வைத்தார்; ஆளை ஆராய்ந்து நம்பும் தெரிந்துதெளிதலைப் பொருட்பாலில் தனி அதிகாரமாக்கினார். சினம் தவிர்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் நம்ப வேண்டியதில்லை என்பதற்கு அந்தப் பகுப்பே போதும். இந்த வினாத்தாளோ இரண்டையும் ஒரே கூட்டுத்தொகையில் கலந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கானோரை ஒப்பிடும் ஆய்வில் அந்தத் தொகை பயன்படட்டும். தனி நோயாளியின் கோப்பில் ‘பகையுணர்வு மிக்கவர்’ என்று எழுதும் முன், அவரை யார் ஏமாற்றினார்கள் என்று மருத்துவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஏமாற்றியது ஒரு மருத்துவமனை என்று பதில் வந்தால் அதையும் அதே கோப்பில் எழுத வேண்டும்.