அடைத்த கதவும் ஏற்ற விரதமும்



2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் மாலை 6 மணிக்குத் தமிழகமெங்கும் 144 தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்றிரவே நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. பரங்கிமலை நிலையத்தில் மின்ரயிலின் ஓசை நின்றது; மீனம்பாக்கத்திலிருந்து எழும் வானூர்திகளின் முழக்கம் அடங்கியது. ஆதம்பாக்கத்தின் கருணீகர் தெருவிலும் நிலமங்கை நகரிலும் பகற்பொழுதிலேயே காக்கையின் குரல் தெளிவாகக் கேட்டது. ஏப்ரல் 6ஆம் நாள் வந்த மகாவீர் ஜயந்தியன்று ஜினாலயக் கதவுகள் பக்தர்களுக்குத் திறக்கவில்லை. இல்லத்தின் மாடத்தில் விளக்கேற்றி, வர்த்தமானப் பெருமானை அங்கிருந்தே வணங்கினோம்.

ஐந்தாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அந்நாட்களை மறக்கவே பலரும் விரும்புகின்றனர். மறப்பதற்கு முன், அவை நமக்குக் கற்பித்தது யாது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஊரடங்கின் தொடக்கத்தில் நம்மவர் பலர் ஒரு கருத்தை மகிழ்வோடு கூறினர். “ஜினதர்மம் சொன்னதைத்தானே இன்று உலகம் செய்கிறது! திக்விரதம் என்றும் தேசவிரதம் என்றும் நாம் கொண்டவையே இவை” என்றனர். எந்தத் திசையில் எவ்வளவு தொலைவு செல்வது என வாழ்நாளுக்கு எல்லை வகுத்துக்கொள்வது திக்விரதம். அவ்வெல்லையையும் சுருக்கி, இத்தனை நாள் இவ்வூரை, இத்தெருவை, இவ்வீட்டைக் கடவேன் என்று உறுதி கொள்வது தேசவிரதம். புறத்தோற்றத்தில் ஊரடங்கும் அதுவே போலத் தோன்றியது உண்மை.

ஆனால் அடைக்கப்பட்டவன் விரதியாவானா? நம் ஆசாரியர்கள் இதற்கும் விடை வைத்துள்ளனர். சிறையிடப்பட்டவன் பசியையும் தாகத்தையும், தன் விருப்பமின்றியே வந்த பிற துன்பங்களையும் பொறுத்துக்கொள்கிறான். அதனால் சிறிது வினை உதிர்கிறது. அதனை அகாம நிர்ஜரை என்றனர். பயனில்லாதது என்று தள்ளவில்லை. எனினும் அதனை விரதம் என்று அழைக்கவும் இல்லை. கதவு அடைபட்டதனால் மட்டும் விரதம் தோன்றிவிடாது. உள்ளே இருப்பவன் உளமார ஏற்றுக்கொண்டாலன்றோ அது விரதமாகும்?

இதற்குச் சான்று நம் இல்லங்களிலேயே உண்டு. இரவு ஒன்பது மணிக்கு மின்ரயிலில் திரும்பிவந்த நம் பிள்ளைகள், வீட்டிலிருந்தே பணிபுரிந்த அந்நாட்களில் ஆறு மணிக்கு முன்பே தாய் தந்தையரோடு அமர்ந்து உண்டனர். பல்லாண்டுகளாகக் கைக்கூடாதிருந்த இராப்போசனத் தியாகம் எளிதாகக் கைவந்தது. மாலையில் இரு நாழிகை, அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமர்ந்த இளைஞரும் உண்டு. அலுவலகம் திறந்தது, அனைத்தும் பழைய வழிக்கே திரும்பின. வாய்ப்பு வந்தபோது செய்தோமேயன்றி, வாய்ப்பில்லாதபோதும் செய்வோம் என்று உறுதி கொள்ளவில்லை. வாரத்தில் ஒரு நாளேனும் அதனைக் காத்திருக்கலாம் அன்றோ?

இனி, சொல்லுவதற்கு நமக்கே நாணமான ஒன்றைச் சொல்லத் துணிகிறோம்.

ஆதம்பாக்கத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்களுள் பல, வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து பிழைப்பின் பொருட்டு வந்தவை. மகன் இங்கே, பெற்றோர் நிலத்தோடும் ஊர் ஜினாலயத்தோடும் அங்கே. காலையில் புறப்பட்டால் நண்பகலுக்குள் சென்று சேரும் தொலைவுதான். அவ்வாண்டில் அத்தொலைவு கடலாயிற்று. மாவட்ட எல்லையைக் கடக்க மின் அனுமதிச் சீட்டு வேண்டும். திருமணம், மருத்துவம், நெருங்கிய உறவினர் மறைவு ஆகியவற்றிற்கே அது கிட்டும்.

நாமறிந்த அன்பர் ஒருவரின் தந்தையார் ஊரில் காலமானார். அனுமதிச் சீட்டு கைக்கு வருவதற்குள் அங்கே எரியூட்டும் முடிந்தது. ஒரே மகனாகிய அவர், தந்தையின் இறுதிச் சடங்கை உள்ளங்கையளவு அலைபேசித் திரையில் கண்டார். அன்று மாலை நாம் அவரோடு பேசினோம். பன்னிரு பாவனைகளுள் ஏகத்துவ பாவனையை எடுத்துரைத்தோம். “உயிர் தனியே வருகிறது, தனியே போகிறது, யாருக்கு யார் துணை? நீங்கள் அருகில் இருந்திருந்தாலும் அவர் தனியேதானே சென்றிருப்பார்” என்றோம். மறுமுனையில் நெடுநேரம் ஓசையில்லை. பின்னர், “சரி ஐயா” என்ற ஒரு சொல்லோடு அவர் தொடர்பைத் துண்டித்தார்.

நாம் சொன்னவற்றுள் பொய் ஏதுமில்லை. ஆயினும் நாம் செய்தது பிழை. அப்பிழை யாதென்று நமக்குப் புலப்படுத்தியது, நூலறிவற்ற வேறொருவரின் செயல்.

2020 ஏப்ரல் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை அட்சய திருதியை. அன்று காலை 6 மணி முதல் 29ஆம் நாள் இரவு வரை சென்னையில் முழு ஊரடங்கு. மளிகைக் கடைகளுக்கும் பூட்டு. முந்தைய நாள் சனிக்கிழமை கடைத்தெருக்களில் கூடிய கூட்டத்தை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். பரிக்கிரகப் பரிமாணம் பேசும் நாமும் அக்கூட்டத்தில் இருந்தோம். நான்கு நாளுக்குத் தேவையானதை விட்டு நாற்பது நாளுக்குச் சுமந்து வந்தோம்.

நம் தெருவில் மூதாட்டி ஒருவர் தனித்து வாழ்ந்தார். மகள் மயிலாப்பூரில். சில கல் தொலைவே ஆயினும் வர வழியில்லை. மூதாட்டிக்குக் காய்ச்சல், சமைக்க இயலவில்லை. அடுத்த வீட்டில் குடியிருந்த அம்மையார் வேற்றுச் சமயத்தவர். அவர் முதலில் செய்தது சமையலன்று, வாயிற்படிக்கு அப்பால் நின்று, “பாட்டி, நீங்கள் எது சாப்பிடுவீர்கள், எது சாப்பிடமாட்டீர்கள்?” என்று கேட்டார். வெங்காயம், பூண்டு, கிழங்கு நீக்கி, வடிகட்டிய நீரில் தனியே சமைத்து, நான்கு நாளும் கதிரவன் மறையுமுன் அவ்வுணவைக் கதவருகே வைத்துச் சென்றார்.

அட்சய திருதியையின் வரலாற்றை நாம் ஆண்டுதோறும் சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறோம். ஆதிபகவன் விருஷபநாதர் துறவு பூண்டு ஓராண்டுக்கும் மேலாக ஆகாரமின்றி உலவினார். மக்கள் கொடையில் குறைவைக்கவில்லை. யானையையும் குதிரையையும் மணிகளையும் கொண்டுவந்து அடிபணிந்தனர். துறந்தவருக்கு அவை எதற்கு? கொடுக்கும் முறை அறியாததால் அத்தனை கொடையும் வீணாயிற்று. அத்தினாபுரத்துச் சிரேயாம்சனே முற்பிறவி நினைவுற்று, முனிவருக்கு ஏற்பது எதுவென்று உணர்ந்து, கருப்பஞ்சாற்றை அளித்தான். தானத்தின் வரலாறு அங்கே தொடங்கியது. பெறுபவர் ஏற்கவல்லதை அறிந்து கொடுப்பதே தானம். கொடுப்பவரிடம் மிகுந்திருப்பதைக் கொடுப்பதன்று.

துயருற்றிருந்த அன்பருக்கு நாம் கொடுத்தது, பசித்தவர் முன் நிறுத்திய யானை. ஏகத்துவம், ஒருவன் தன் உயிரை நோக்கித் தானே எண்ணிக்கொள்ள வேண்டிய பாவனை. அழுபவன் வாயை அடைக்கும் பூட்டன்று. அவருக்கு அன்று வேண்டியிருந்தது, தந்தையாரைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கும் ஒரு செவி. அதனை நாம் அளிக்கவில்லை.

பெருமக்களே! புறத்தவம் ஆறனுள் தனியிடத்தில் உறைதலாகிய விவிக்த சய்யாசனம் ஒன்று. திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் பெயரைப் பாறைக் கல்வெட்டு இன்றும் தாங்கி நிற்கிறது. அது தானே தேர்ந்துகொண்ட தனிமை. ஆனால் தொண்டாகிய வையாவிருத்யத்தை ஆசாரியர்கள் அகத்தவத்துள் அன்றோ வைத்தனர்? ஒன்றுக்கொன்று துணைபுரிவதே உயிர்களின் இயல்பென்று தத்துவார்த்த சூத்திரமும் ஐந்தாம் அத்தியாயத்தில் உரைக்கிறது. உயிர் தனியானது என்பதும் உயிர்கள் ஒன்றுக்கொன்று துணை என்பதும் முரண்பட்டவையல்ல. முன்னையது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. பின்னையது பிறருக்குச் செய்ய வேண்டியது. அவற்றை இடம் மாற்றி வைப்பதிலேதான் பிழை நேர்கிறது.

ஊரடங்கு நீங்கிவிட்டது, சாலைகள் திறந்துள்ளன. எனினும் நம் ஊர்களில், பிள்ளைகள் நகரத்திலும் அயல்நாட்டிலும் இருக்க, தனித்து வாழும் முதியோர் இன்றும் உளர். அவர்களுக்கு ஊரடங்கு இன்னும் முடியவில்லை. ஆதலின் இரண்டு உறுதிகளை வேண்டுகிறோம். வாரத்தில் ஒரு நாள் கதிரவன் மறையுமுன் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணுங்கள். யாரும் அடைக்காமலே அன்று மாலை வீட்டிலிருங்கள். மாதத்தில் ஒரு நாள் தனித்து வாழும் முதியவர் ஒருவரின் வாயிலுக்குச் செல்லுங்கள். சென்றதும் உபதேசம் செய்யாதீர்கள், “என்ன வேண்டும்?” என்று கேளுங்கள்.

அவ்வாண்டு க்ஷமாவணி நாளில், நாம் அவ்வன்பரை அழைத்து மன்னிப்பு வேண்டினோம். அவர் பழித்துரைக்கவில்லை. சற்றுப் பொறுத்து, “அப்பா கடைசி வரை கிணற்று நீரைத் தாமே வடிகட்டித்தான் குடிப்பார், ஐயா” என்று தொடங்கினார். ஒரு மணி நேரம் அவர் பேசினார், நாம் கேட்டோம். மார்ச் மாதத்தில் அடைபட்ட கதவொன்று அன்றுதான் திறந்தது எனலாம்.

வாழ்க ஜினதர்மம்! வளர்க ஜீவதயை!